வைத்தியராகி ஐந்து வருடம் ஆகும் முன்: வன்னிக்கு வந்திருக்கும் இளம் வைத்தியர்களுக்கு

"அக்கா, எனக்கு இனி என்ன வழி?"

போன மாரியில், மாங்குளத்துக்கு அங்கால் ஒரு வைத்தியசாலை விடுதியில், இரவுக் கடமை முடித்து வந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். உள்ளகப் பயிற்சி முடித்து முதல் நியமனத்தில் வந்து எட்டு மாதம். பல்கலைக்கழக வாசல் வரை ஒவ்வொரு படியையும் யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், இசட் புள்ளி. பட்டம் எடுத்த பிறகு அந்தக் குரல்கள் நின்றுபோயின. "டொக்டராயிட்டாய், இனி என்ன" என்று ஊர் நினைக்கிறது. அடுத்த முப்பது வருடத்தை எப்படி வாழ்வது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் வன்னிக்கு வந்து பதினான்கு வருடம். முதல் மூன்று வருடம் ஒரு பிரதேச வைத்தியசாலையில் இருந்தேன். நிபுணராவதற்கான பட்டப்பின் படிப்பான எம்.டி.க்குத் தெரிவுப் பரீட்சை இரண்டு தரம் எழுதினேன், இரண்டு தரமும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு பிரிவின் பொதுச் சுகாதாரத்தைப் பார்க்கும் சுகாதார வைத்திய அதிகாரியாக மாறி, சமுதாய மருத்துவத்தில் முதுமாணி செய்து, இன்றும் இந்த மாவட்டங்களில்தான் வேலை செய்கிறேன். என்னோடு படித்தவர்களை இப்போது நினைத்துப் பார்த்தால், பரீட்சையில் தோற்றவர்கள் அநேகமாக எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் வேர் பிடித்துவிட்டார்கள். "அடுத்த வருடம் பார்ப்பம்" என்று வருடத்துக்கு வருடம் தள்ளியவர்கள்தான் மனம் கசந்து நிற்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்: ஐந்தாம் வருடம் முடிவதற்குள் நீங்களாக ஒரு தீர்மானம் எடுங்கள்.

முதற்படி: எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ஐந்து வருட எம்.பி.பி.எஸ்., பிறகு இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு, ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டு பிரிவுகளில் உள்ளகப் பயிற்சி, அதன் பின் முழுப் பதிவு. வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு நடுவில் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் உண்டு. இவ்வளவும் தாண்டித்தான் சுகாதார அமைச்சின் வெற்றிடப் பட்டியலில், தரவரிசைப்படி ஓர் இடத்தைத் தெரிவு செய்து இங்கே வந்திருக்கிறீர்கள். இடைக் காத்திருப்புகளையும் சேர்த்தால் வயது இருபத்தேழு, இருபத்தெட்டு.

இங்கிருந்து நிபுணராக நினைத்தால், தெரிவுப் பரீட்சை தொடங்கி, நிபுணர் என்று அங்கீகரிக்கும் சபைச் சான்று கையில் கிடைக்கும் வரை ஆறேழு வருடம் போகும். உபபிரிவு என்றால் இன்னும் கூட. அதாவது இன்றே தொடங்கினாலும் முப்பத்தைந்தைத் தொடுவீர்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கலியாணம், பிள்ளை, பெற்றோரின் முதுமை எல்லாம் இதே பத்து வருடத்துக்குள்தான் வந்து நிற்கும் என்பதால் சொல்கிறேன். ஒரு தாளில் உங்கள் வயதை எழுதி, பக்கத்தில் வருடங்களை எழுதிப் பாருங்கள். மனதுக்குள் கணக்குப் போடும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும், தாளில் எழுதினால்தான் இடிக்கிற இடம் தெரியும்.

இரண்டாம் படி: கோவையைச் சரிசெய்யுங்கள்

சலிப்பான வேலைதான். முதல் ஆறு மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.

நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், மருத்துவ சபையின் முழுப் பதிவுச் சான்றிதழ், உள்ளகப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் உறுதிப்படுத்திய பிரதிகள் உங்கள் தனிப்பட்ட கோவையில் இருக்கிறதா என்று நேரே போய்ப் பாருங்கள். வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை எப்போது என்று விசாரியுங்கள். 2007 யூலை 1க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்களுக்கு இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சியும் வேண்டும். தமிழ் மொழிமூலம் வந்தவர் சிங்களம் படிக்க வேண்டும், சிங்கள மொழிமூலம் வந்தவர் தமிழ் படிக்க வேண்டும். இவற்றைத் தள்ளிப்போட்டால் நிரந்தரமாக்கல் தள்ளிப்போகும், தர உயர்வும் சேர்ந்து இழுபடும்.

என் கோவையில் ஒரேயொரு கடிதம் இல்லை என்பதை ஓர் அலுவலகம் எனக்குச் சொல்ல ஒன்றரை வருடம் எடுத்தது. அந்தக் கடிதத்தின் பிரதி என் அலுமாரியில் முதல் நாளிலிருந்தே கிடந்தது. நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த ஒன்றரை வருடத்தை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை. அதனால்தான் இன்றும் ஒவ்வொரு புதியவரிடமும் முதல் கேள்வியாக "கோவை பார்த்தியா?" என்று கேட்கிறேன்.

மூன்றாம் படி: இந்த வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்

வன்னி நியமனத்தை ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை மாதிரி நினைப்பவர்கள் நிறையப் பேர். இடமாற்றப் பட்டியல் வரும், போய்விடலாம் என்று பெட்டியை அவிழ்க்காமலே இருப்பார்கள். அவர்கள் இழப்பது என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போதனா வைத்தியசாலையில் உங்களுக்கு மேல் நிபுணர் பயிற்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார், அவருக்கு மேல் சீனியர் ரெஜிஸ்ட்ரார், அவருக்கு மேல் நிபுணர். முழங்காவிலிலோ நெடுங்கேணியிலோ அக்கராயனிலோ ஒரு பிரதேச வைத்தியசாலையில் இரவு பதினொரு மணிக்கு நீங்கள்தான் எல்லாம். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு வருவார்கள். சில வேளை அடித்த பாம்பும் ஒரு பையில் கூடவே வரும். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பீர்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் என்ற சந்தேகம் வலுக்கும். கையில் இருப்பது இந்தியாவில் செய்த விஷமுறி மருந்து. கோப்பி விரியன் (hump-nosed viper) வகைக்கு அந்த மருந்து வேலை செய்யாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம் என்பதற்காக அதிரினலின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். இங்கேயே வைத்திருப்பதா, கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ அனுப்புவதா? அனுப்பினால் இப்போதா, மருந்து தொடங்கிய பிறகா? அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் கற்பதை எந்த வகுப்பும் கற்றுத்தராது.

மாரி காலத்தில் தூரக் கணக்கே மாறிவிடும். வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறினால் புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒட்டுசுட்டான் பக்கமாகச் சுற்ற வேண்டும். வந்த முதல் மாதத்திலேயே அம்புலன்ஸ் சாரதி அண்ணையோடு உட்கார்ந்து எந்த வீதி எப்போது மூழ்கும் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல், ஆனாலும் எந்த ஊருக்கு எவ்வளவு நேரத்தில் வரும் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வேறு வருத்தங்களும் இந்த மண்ணுக்கென்று உண்டு. 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலம் ஆன பிறகும் உடம்பில் இரும்புத் துண்டோடு கிளினிக்குக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் வாழ்பவர்களுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். தலையிடி, நித்திரையின்மை என்று மாதம் தவறாமல் வரும் அம்மாவிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசினால் காணாமல் போன பிள்ளையின் பெயர் வரும். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. வயல் வேலைக் காலத்தில் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் வன்னி என்றாலே மலேரியா. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்தச் சான்றுக்குப் பின்னால் இந்தக் காடுகளுக்குள் பரிசோதனைக்காக இரத்தம் பூசிய கண்ணாடித் தகடுகளோடு அலைந்த களப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்னும் உங்கள் பணிமனைகளில்தான் இருப்பார்கள். ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டு அவர்களிடம் கதை கேளுங்கள்.

மொழி பற்றியும் ஒன்று. "களைக்குது" என்று ஒரு ஐயா சொன்னால் அது சோர்வாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்டால்தான் தெரியும். "முட்டு" (மூச்சிரைப்பு), "சத்தி" (வாந்தி), "உளைவு" (வலி) எல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. தெற்கிலிருந்து வந்திருக்கும் சக வைத்தியர்களுக்கு இந்தச் சொற்களை எழுதிக் கொடுங்கள். பல வருடங்களாக வன்னியின் பல விடுதிகளை அவர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், நோயாளியின் மொழியில் மருத்துவம் படித்தால்தான் ஊரில் நின்று வேலை செய்வார்கள் என்று நம்பி மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த நம்பிக்கை இன்றைக்கும் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: மருந்துக் கணிப்பீடு, சட்ட வைத்திய அறிக்கை, பணியாளர் கடமைப் பட்டியல். இவற்றை மருந்தாளரிடமோ எழுதுவினைஞரிடமோ விட்டுவிடாமல் ஒரு வருடமாவது நீங்களே செய்யுங்கள். பின்னால் எந்தப் பாதையில் போனாலும் உதவும்.

நான்காம் படி: ஒரு கொப்பியும் இரண்டு மாதமும்

பாதையைத் தெரிவு செய்யும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு சாதாரண கொப்பியில் ஒவ்வொரு நாள் இரவும் இரண்டு வரி: இன்று எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எந்த வேலை முடியட்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு மாதம் எழுதிவிட்டு ஒரே இருப்பில் வாசியுங்கள்.

நான் அப்படி எழுதியபோது, விடுதிச் சுற்று எனக்கு அவ்வளவு பிடித்த வேலை இல்லை என்பது தெரிந்தது. பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனைக்குப் போன நாட்களும், ஒரே கிராமத்திலிருந்து மூன்று பிள்ளைகள் வயிற்றோட்டத்தோடு வந்தபோது கிணற்றைத் தேடிப் போன நாளும்தான் கொப்பியில் நீளமாக இருந்தன. இரண்டு தரம் எம்.டி. எழுதித் தோற்ற பிறகுதான் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்கலாம்.

ஒரு பாடத்தைப் பற்றி நினைக்கும்போது அதன் பெயரும் மரியாதையும்தான் மனதில் வரும். அந்த நிபுணரின் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். மயக்க மருந்து நிபுணரின் செவ்வாய் வேறு, மனநல நிபுணரின் செவ்வாய் வேறு. ஒரு முழு நாள் அவர்களோடு நிற்கக் கேளுங்கள். நான் கேட்ட யாரும் மறுக்கவில்லை.

ஐந்தாம் படி: பாதைகள்

நிபுணர் பாதை

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம்தான் இந்த நாட்டில் நிபுணர்களை உருவாக்கும் இடம். நாங்கள் எல்லோரும் பி.ஜி.ஐ.எம். என்போம். முழுப் பதிவும், பெரும்பாலான பாடநெறிகளுக்கு உள்ளகப் பயிற்சிக்குப் பிந்திய சேவைக் காலமும் கேட்பார்கள். தெரிவுப் பரீட்சை அல்லது எம்.டி. முதற்பகுதி, பிறகு ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி, எம்.டி. இரண்டாம் பகுதி, சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் சபைச் சான்று. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும்போது திரும்பி வந்து சேவை செய்வதாகப் பிணை எழுத வேண்டும். கையெழுத்து வைக்கும் முன் உங்கள் பிணையாளியும் அதை வாசிக்கட்டும்.

இங்கே பலர் செய்யும் தவறு, பாடத்தை விட்டுப் பரீட்சையைத் தெரிவு செய்வது. "அந்தப் பாடத்துக்கு ஆள் குறைவாம், சுலபமாம்" என்று கேட்டு எழுதுவார்கள். சித்தியடைந்தால் முப்பது வருடம் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும். அதோடு பாடநெறிக் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். எத்தனை தரம் எழுதலாம், எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பாடத்துக்குப் பாடம் வேறு. மூத்தவர்கள் வாய்வழி சொல்லும் விதி அவர்கள் காலத்து விதியாக இருக்கலாம்.

நிபுணரான பின் வன்னிக்குத் திரும்பலாமா? தாராளமாக. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. புதிதாகச் சான்று பெற்ற நிபுணர்கள்தான் இங்கே பெரும்பாலும் வருகிறார்கள், சில வருடத்தில் போய்விடுகிறார்கள். ஒரு நிபுணர் பத்து வருடம் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பிரிவே வேறாகிவிடும்: தாதியர் பயில்வார்கள், கருவிகள் வரும், நோயாளி யாழ்ப்பாணத்துக்கு விடியப்புறம் பஸ் ஏறும் தேவை குறையும். அப்படி நிற்க உங்களில் ஒருவராவது மனம் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை மறைக்காமலே சொல்லிவிடுகிறேன்.

சுகாதார வைத்திய அதிகாரி

இது என் பாதை. ஆகவே கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், அதைக் கழித்து வாசியுங்கள்.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டின் தாய் சேய் நலம் இந்த அமைப்பில்தான் நிற்கிறது. உங்களுக்குக் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், மேற்பார்வை உத்தியோகத்தர்கள். சுமார் மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. வன்னியில் அந்த மூவாயிரம் பேரும் காடும் குளமும் தாண்டிச் சிதறி இருப்பார்கள். அவர் ஒரு கர்ப்பிணித் தாயைப் பார்க்க யானை நடமாடும் பாதையில் ஸ்கூட்டியில் போக வேண்டியிருக்கும். அவருடைய பாதுகாப்பைப் பற்றி யோசிப்பதும் உங்கள் வேலை.

இரவுக் கடமை இல்லை என்று சிலர் இதற்கு வருவார்கள். டெங்குக் காலத்திலும் வெள்ளக் காலத்திலும் நித்திரையே இருக்காது. ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் ஏன் என்று வீடு வரை போய் விசாரிக்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் நிற்பதற்குப் பழகவே முடியாது. பாராட்ட ஒருவரும் வரமாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் தடுத்த நோய் யாருக்கும் தெரியாது. இதெல்லாம் சரி என்றால் வாருங்கள். களுத்துறையில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனத்தில் பயிற்சி, பிறகு விருப்பமானால் சமுதாய மருத்துவ முதுமாணி, அதற்கும் மேல் எம்.டி. முடித்துச் சமுதாய மருத்துவ நிபுணர்.

இடையில் இருக்கும் பதவிகளும் டிப்ளோமாக்களும்

இவற்றைப் புதியவர்கள் கேள்விப்படுவதே இல்லை. பிராந்தியத் தொற்றுநோயியலாளர், மாவட்டக் காசநோய்க் கட்டுப்பாட்டு அதிகாரி, பிராந்திய மலேரியாத் தடுப்பு அதிகாரி, தொற்றா நோய்ப் பிரிவுக்கு ஒரு வைத்திய அதிகாரி, தாய் சேய் நலனுக்கு ஒருவர், மனநலத்துக்கு ஒருவர், இரத்த வங்கி, சட்ட வைத்தியம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படி ஆட்கள் வேண்டும். எம்.டி.யை விடச் சிறிய டிப்ளோமாக்களையும் பி.ஜி.ஐ.எம். நடத்துகிறது: குடும்ப மருத்துவம், சிறுவர் நலம், உளமருத்துவம், காசநோயும் நெஞ்சு நோயும், சட்ட மருத்துவம், இரத்த மாற்று மருத்துவம், குணமாக்க முடியாத நோயாளியின் வேதனையைக் குறைக்கும் நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்று.

வன்னிக்கு எது அவசரம் என்று என்னைக் கேட்டால் மனநலத்தையும் நோய்த் தணிப்பையும் சொல்வேன். உளமருத்துவ டிப்ளோமா முடித்த ஒரு தங்கச்சி வாரம் ஒரு கிராமம் என்று கிளினிக் வைத்தார். முன்பு பூட்டிய அறைக்குள் இருந்த ஒரு பெடியன் இன்று அந்த ஊர்க் கடையில் வேலை செய்கிறான். ஐந்து வருடமும் எம்.டி.யும் இல்லாமல் நடந்த காரியம் அது.

குடும்ப மருத்துவமும் சொந்தக் கிளினிக்கும்

சிலருக்கு ஒரே ஊரில், ஒரே குடும்பங்களை, பாட்டி முதல் பேரன் வரை பார்ப்பதுதான் பிடிக்கும். அவர்களுக்குக் குடும்ப மருத்துவ டிப்ளோமா நல்ல தொடக்கம். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம். சொந்தமாகக் கிளினிக் போடுவதென்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். கிளிநொச்சி நகரில் இடம் எடுக்கும் முன் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்று பாருங்கள். கிளினிக் நேரத்தை அதுதான் தீர்மானிக்கும்.

நிர்வாகம், கற்பித்தல்

மருத்துவ நிர்வாகத்திலும் முதுமாணியும் எம்.டி.யும் உண்டு. பணிப்பாளர் பதவிகளுக்கு அந்த வழி. கோப்புக்கும் கூட்டத்துக்கும் பொறுமை உள்ளவர்கள் போகட்டும். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகிறது. ஆராய்ச்சியில் மனமுள்ளவர்கள் விரிவுரையாளர் வெற்றிடங்களைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

வெளிநாடு

இதைப் பேசாமல் விடுவது நேர்மை இல்லை. 2022க்குப் பிறகு போனவர்கள் பலர். போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரவர் வீட்டுச் சுமை அவரவருக்குத்தான் தெரியும். போவதென்றால் கணக்கோடு போங்கள். இங்கிலாந்துக்கு, அங்கே பதிவு பெற எழுதும் பிளாப் பரீட்சை இரண்டு பகுதி. முதற்பகுதி சித்தியடைந்து இரண்டு வருடத்துக்குள் இரண்டாம் பகுதி, அது முடிந்து இரண்டு வருடத்துக்குள் பதிவு. ஆங்கிலத் தகைமைக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.ஈ.டி. வேண்டும், அந்தப் பெறுபேற்றுக்கும் இரண்டு வருட ஆயுள்தான். இந்த மூன்று காலக்கெடுவையும் பொருத்திப் பார்க்காமல் காசு கட்டி, ஒன்று காலாவதியாக மற்றதை மறுபடி எழுதியவர்களை அறிவேன். அவுஸ்திரேலியாவுக்கு அங்குள்ள மருத்துவ சபையின் கணினிப் பரீட்சையும் பிறகு செய்முறைப் பரீட்சையும். பதிவு கிடைப்பது ஒரு படி, வேலை கிடைப்பது இன்னொரு படி. இங்கிலாந்தில் இரண்டாவதற்கு இப்போது போட்டி மிகவும் கடுமை.

அரச சேவையை விட்டுப் போகும் முன் விடுமுறை அனுமதி, பிணை, ஓய்வூதிய உரிமை மூன்றையும் எழுத்தில் தெளிவாக்குங்கள். சொல்லாமல் கொள்ளாமல் கடமையை விட்டுப் போனால் திரும்பும் கதவை நீங்களே சாத்துகிறீர்கள்.

ஆறாம் படி: வன்னியிலிருந்து படிப்பது

முடியும். ஆனால் தனியாக முடியாது. ஒரே பரீட்சை எழுதும் மூன்று பேராவது வேண்டும். ஒருவர் மல்லாவியில், ஒருவர் செட்டிகுளத்தில், ஒருவர் தர்மபுரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வாரம் இரண்டு இரவு இணையத்தில் சந்திக்கலாம். செய்முறைப் பரீட்சைக்கு மட்டும் போதனா வைத்தியசாலை விடுதிகளில் நின்று நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அதற்கு லீவை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே சேமித்து வையுங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் சுமார் 65 கிலோமீற்றர். ஞாயிறு காலை போய் மாலை திரும்பலாம்.

பெற்றோல், விடுதிச் செலவு, பரீட்சைக் கட்டணம், கொழும்புப் பயணம் என்று ஒரு வருடத்தில் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். மேலதிகக் கடமைக் கொடுப்பனவைக் கணக்குப் பண்ணிக் கார் லீசிங் எடுத்துவிட்டு, படிக்க நேரம் வேண்டிய வருடத்தில் கடமையைக் குறைக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பரீட்சை முடியட்டும், கார் பிறகு.

ஏழாம் படி: வீட்டில் பேசுங்கள்

பெண் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் காலமும் குழந்தை பெறும் வயதும் ஒன்றாக வரும். "கலியாணம் முடியட்டும், பிறகு பரீட்சை" என்பார்கள். பிறகு "பிள்ளை வளரட்டும்" என்பார்கள். என் பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது முதுமாணி செய்தேன். அம்மா வந்து பன்னிரண்டு மாதம் என்னோடு நின்றார். அம்மா இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. யார் வந்து நிற்பார், எத்தனை மாதம் என்பதைப் பரீட்சை விண்ணப்பம் போடும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். துணைவர் எங்கே வேலை செய்வார், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்பதையும் வாய்விட்டுப் பேசுங்கள். பேசாத விடயங்கள்தான் இடமாற்றப் பட்டியல் வந்த அன்று சண்டையாக வருகின்றன.

எட்டாம் படி: திகதி குறியுங்கள்

முதல் வருடம் கோவையும் வேலையும். இரண்டாம் வருடம் கொப்பி, நிபுணர்களோடும் சுகாதார வைத்திய அதிகாரியோடும் ஒரு நாள், பிறகு ஒரு பாதை. மூன்றாம் வருடம் முதல் முயற்சி. கிடைக்காவிட்டால் நான்காம் வருடம் இரண்டாம் முயற்சி. அதுவும் கிடைக்காவிட்டால் ஐந்தாம் வருடம் அதே வழியில் இன்னொரு தரமா, வேறு வழியா என்று முடிவு செய்ய ஒரு திகதியை இன்றே கலண்டரில் குறியுங்கள். அந்தத் திகதியை உங்களுக்கு ஞாபகப்படுத்த ஒருவரை நியமியுங்கள். எனக்கு அப்படி ஞாபகப்படுத்தியவர் எங்கள் வைத்தியசாலைத் தலைமைத் தாதி. "மிஸ், சொன்ன நாள் வந்திட்டுது" என்று ஒரு தேநீரோடு வந்து நின்றார்.

ஒன்பதாம் படி: போகும்போது எழுதிவைக்க வேண்டியது

எந்தப் பாதையில் போனாலும் ஒரு நாள் இந்த விடுதியைக் காலி செய்வீர்கள். அடுத்து வருபவருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி மேசை லாச்சிக்குள் வையுங்கள். எந்தத் தாய்க்கு இதய வால்வு நோய், அவருக்கு அடுத்த கிளினிக் எப்போது. எந்த ஐயா இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் மண்பானையில் வைத்திருக்கிறார். எந்தக் கிராமத்துக்கு மார்கழியில் பாதை இல்லை, அங்கே யாரிடம் உழவு இயந்திரம் இருக்கிறது. எந்த வீட்டில் தற்கொலை முயற்சி நடந்தது, யார் போனால் அந்த வீட்டில் கதவு திறப்பார்கள். நோயாளியின் விபரம் என்பதால் கடித உறையில் போட்டு, ஒட்டி, வருபவரின் பதவிப் பெயரை மேலே எழுதுங்கள்.

நான் முதல் நியமனத்துக்கு வந்தபோது லாச்சிக்குள் அப்படி ஓர் உறை இருந்தது. எழுதியவரை நான் பார்த்ததே இல்லை. அதில் இருந்த பதினொரு பெயர்களில் ஒன்பது பேரை இன்றும் எனக்குத் தெரியும்.